நண்டுக்கார அம்மா சொன்ன பேர்

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதத்தில் நடந்தது இது. நாங்கள் திருவொற்றியூரில் குடியிருக்கிறோம். கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் என் கணவருக்கு மாத்திரை போட்டும் சர்க்கரை குறையவில்லை. மார்க்கெட்டில் நண்டு விற்க வரும் காட்டுப்பள்ளித் தீவுக்கார அம்மா ஒருவர், தீவில் பறித்த இலையைப் பொடி செய்து, கேட்பவர்களுக்குச் சும்மாவே கொடுப்பார். நானும் போய் நின்றேன்.

"இங்கிலீஷ் மாத்திர எதுனா துன்னுகினு கீறாரா? துன்னா நான் குடுக்க மாட்டேன்" என்றார். பெரிய டாக்டர் கணக்காகக் கேட்கிறாரே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு, இல்லை என்று கூசாமல் புளுகினேன். இலையின் பேரைக் கேட்டதற்கு, "அத்த மட்டும் கேக்காத கண்ணு. பேர வெளிய சொன்னா அப்புறம் என் கைல பலிக்காது" என்றார்.

பொடி கொடுக்கத் தொடங்கிய நான்காம் நாள் காலை கணவர் வேர்த்துக் கொட்டி மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில், சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஏற்ற ஏற்ற மறுபடியும் இறங்கியது. என்ன பொடி என்று தெரியாமல் டாக்டர் என்னைத் திட்டித் தீர்த்தார். நண்டுக்காக வைத்திருந்த நம்பருக்குப் போன் போட்டு, எந்த ஆஸ்பத்திரி என்பதையும் என் புளுகையும் அழுதுகொண்டே சொல்லி, இலையின் பேரைக் கேட்டேன். போன் கட்டாகிவிட்டது. நழுவிவிட்டார் என்று வாயில் வந்தபடி ஏசினேன்.

இரண்டு மணி நேரத்தில் நண்டு வாடையோடு அவரே வந்து நின்றார், கையில் ஒரு கொடி. "பேரு ஊருக்கு ஊரு மாறும் சார், எலையப் பாத்துக்கோ" என்று டாக்டரிடம் நீட்டினார். பிறகு வார்டில் அத்தனை பேர் முன்னால், சிறுகுறிஞ்சான் என்று உரக்கச் சொன்னார்.

மாத்திரையும் பொடியும் சேர்ந்து செய்த வேலை, வேறு விஷம் எதுவும் இல்லை என்று டாக்டருக்குத் தெளிவானது. மறுநாள் மாலை கணவர் எழுந்து உட்கார்ந்தார். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "இனிமே யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

இப்போதும் நண்டு விற்கிறார். பொடி கேட்டு வருபவர்களைக் கும்பிட்டு அனுப்பிவிடுகிறார். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற இலைதானே, பேரைச் சொன்னால் என்ன ஆகிவிடும் என்று எனக்குத் தோன்றும். ஆனால் பேரைச் சொன்னால் கையில் பலிக்காது என்பதை அவர் முழுசாக நம்பியவர். நம்பிக்கொண்டேதான் சொன்னார் என்பதை நினைத்தால், இன்றும் அவர் முகத்தைப் பார்த்து என்னால் பேச முடிவதில்லை.