நெவேனாவின் சீவல்கள்

வெங்காயத்தின் உள்தோலை மெல்ல உரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் நெவேனா மீதியை நறுக்குவாள். கணவர் ஸ்தோயன் காலித் தட்டோடு காத்திருப்பார்.

"திங்கிற பொருளுக்கு எதுக்குடி பரிசோதனை?"

"ஒவ்வொரு செல்லுக்கும் தனிச் சுவர் இருக்குங்க. அந்தச் சுவர்லயும் பக்கத்து செல்லுக்குப் போக வரப் பொடிப்பொடியா துவாரம்!"

"அதுங்களாவது அக்கம்பக்கத்தோட பழகுதுங்க. நீ மாடி வீட்டுக்காரியோட பேசி ஆறு மாசமாச்சு."

தன்யூப் கரையில் இருக்கும் அந்தப் பல்கேரிய ஊரின் ஆஸ்பத்திரியில், நோயாளிகளிடமிருந்து எடுத்த திசுத் துணுக்குகளை மெழுகில் பதித்துச் சீவுவது அவள் வேலை. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய சீவல். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் சுருக்கமில்லாமல் ஏந்தவேண்டும். ஒரு பெருமூச்சுக்கே பறந்துவிடும். யாராவது கதவைத் திறந்தால் திரும்பாமலே சத்தம் போடுவாள்: "காத்தை உள்ளே விடாதீங்க! அங்கயே நின்னு சொல்லுங்க!" தலைமை மருத்துவருக்கும் அதே மரியாதைதான்.

போன செப்டம்பரில், சந்தையில் குடைமிளகாயை அடுப்பில் சுட்டு விற்கும் பெத்கானாவைச் சேர்த்தார்கள். முதுகிலும் கைகளிலும் கொப்புளங்கள். வாய்க்குள்ளும் புண், தயிர்கூட இறங்கவில்லை. அடுப்பில் வெந்த புண் என்றே எல்லோரும் நினைத்தார்கள். கொப்புளத்திலிருந்து எடுத்த துணுக்கின் முதல் சீவல்களை நுண்ணோக்கியில் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் ராய்கோவும் அப்படியே எழுதினார்.

நெவேனாவுக்கு மனம் ஒப்பவில்லை. வாய்க்குள் எப்படி நெருப்பு போகும்? வெட்டியதெல்லாம் உடைந்த கொப்புளத்தின் நடுப்பகுதி; அங்கே பார்க்க எதுவும் மிச்சமில்லை. அதே மெழுகுக் கட்டியைச் சீவும் கருவியில் மறுபடி பொருத்தி, கொப்புளத்தின் ஓரம் வரும்வரை சீவிக்கொண்டே போனாள். மதியச் சாப்பாடு ஆறிப்போனது. முப்பதைத் தாண்டிய பிறகு ஒரு சீவலில் ஓரம் கிடைத்தது. அடிவரிசை செல்கள் இடம் பெயராமல் நின்றன. அவற்றுக்கு மேலே இருந்தவையோ ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, உருண்டையாக மிதந்தன.

தகட்டோடு போய் ராய்கோவின் மேசை முன்னால் நின்றாள்.

"டாக்டர், வெந்திருந்தா செல்லு செத்திருக்கணும். இதுங்க சாகலை. நம்ம செல்லுக்குச் சுவரா இருக்கு? ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டுத்தானே நிக்குது! அந்தப் பிடி விட்டுப்போச்சு."

"அப்போ நீங்களே ரிப்போர்ட்டையும் எழுதிடுங்களேன், நெவேனாம்மா."

"எழுதுறது உங்க வேலை, வெட்டுறது என் வேலை. வெட்டிட்டேன். பார்க்கத்தான் ஆளைக் காணோம்."

ராய்கோவ் முகம் சிவக்க நுண்ணோக்கியில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் தொலைபேசியை எடுத்து வார்டைக் கூப்பிட்டார். பெத்கானாவின் உடம்பே தன் தோல் செல்களின் பிணைப்பை அறுத்துக்கொண்டிருந்தது. ரத்தப் பரிசோதனை அதை உறுதி செய்தது. சரியான மருந்து அன்றே தொடங்கியது.

பனிக்காலத்தில் ஒருநாள் பெத்கானா விசாரித்துக்கொண்டு வந்து, கதவுக்கு வெளியிலேயே நின்றாள். "நீதானா தங்கச்சி அது? டாக்டர் சொன்னாரு. நேத்து முழு ரொட்டி தின்னேன், மொறுமொறுன்னு!"

நெவேனா எழுந்து போய் அவளுடைய சட்டைக் கையை மேலே சுருட்டினாள். சேர்த்த புதிதில், விரலால் அழுத்தி நகர்த்தினாலே தோல் கழன்று வந்த கை அது. கட்டைவிரலை வைத்து ஒருபக்கமாக அழுத்தித் தேய்த்தாள். தோல் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி, மறுபடி தேய்த்தாள்.