‘சூ’ என்றால் வழக்கு மட்டுமா?

வேலிச் சண்டைக்குப் பிறகு, வங்காலையில் அடுத்த வளவில் இருக்கும் அண்ணனோடு நான் பேசுவதில்லை. ஒருநாள், கனடாவில் வளர்ந்த அவர் மகள் எனக்கு ஆங்கிலத்தில் செய்தி அனுப்பினாள். அதில் ‘அப்பா’வுக்குப் பக்கத்தில் ‘சூ’ (sue) என்ற சொல் கண்ணில் பட்டது. வழக்குப் போடுவது என்பதுதான் எனக்குத் தெரிந்த அர்த்தம். உடனே மன்னாருக்கு பஸ் ஏறி, ஒரு சட்டத்தரணியிடம் கைபேசியை நீட்டினேன்.

அவர் சிரித்தார். “‘சூ ஃபோர் பீஸ்’ எண்டெல்லோ கிடக்கு. சமாதானம் கேக்கிறார் எண்டு அர்த்தம். வீட்ட போங்கோ.”

நேரே அண்ணனிடம் போனேன்.

“நேர கேக்க வெக்கமாக் கிடந்தது, அதான் பிள்ளையிட்டச் சொன்னனான். இருடா, தேத்தண்ணி குடிப்பம்” என்றார்.

இப்போது ஞாயிறு பூசைக்கு ஒன்றாகவே போகிறோம். அவரிடம் சண்டையை மட்டுமே எதிர்பார்த்ததால்தான் அன்று அந்தச் செய்தியைப் பாதியிலேயே வாசிப்பதை நிறுத்தியிருக்கிறேன்.