செல்வராணி என்றொரு பட்டப்பெயர்

திருக்கோகர்ணத்தில் வீட்டோடு சேலை வியாபாரம் செய்யும் செல்வராணிக்கு, சனி ஞாயிறு வந்தால் பட்டிமன்றம். எந்த அணியில் உட்கார வைத்தாலும் ஜெயித்துவிடுவார். ஆள் நல்ல பருமன். மைக்கைப் பிடித்ததும், "மேடை தாங்குமான்னு கேட்டுட்டுத்தான் ஏறியிருக்கேன்" என்பார். அதோடு கூட்டம் அவர் கைக்குள் வந்துவிடும்.

பள்ளி பள்ளியாகப் போய்க் குழந்தைகளின் உடல் பருமனுக்கு எதிராகப் பிரச்சாரம் செய்துகொண்டிருந்த டாக்டர் வெற்றிசெல்வன் ஒருநாள் அவரைத் தேடி வந்தார். கலோரிக் கணக்கைத் திரையில் காட்டிப் பேசினால் பிள்ளைகள் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார்களாம். பேச அழைக்க வந்தவர், செல்வராணியை நேரில் பார்த்ததும் மேற்கொண்டு சொல்லத் தயங்கினார்.

"நான் குண்டா இருக்கேன்னுதானே யோசிக்கிறீங்க? ஒங்களுக்குப் படம் காட்டுற வேலை மிச்சம் சார். நானே வந்து நிக்கிறேன்."

போன இடமெல்லாம் அமர்க்களம். "அழுதா ஒரு முறுக்கு, அடம்புடிச்சா ரெண்டு முறுக்குன்னு வளத்தாங்க. வளந்து நிக்கிறேன் பாருங்க!" என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பையிலிருக்கும் சிப்ஸ் பாக்கெட்டுகளை மேடையில் கொண்டுவந்து போடுவார்கள். டாக்டர் போட்டோ எடுத்துக்கொள்வார். கூட்டம் முடிந்ததும் தலைமையாசிரியர் அறையில் பேச்சாளருக்கு ஜாங்கிரியும் போண்டாவும் வரும். மறுத்தால் மரியாதையாக இருக்காது என்று அவரும் சாப்பிடுவார்.

ஒரு காலையில் திருவரங்குளத்திலிருந்து வனிதா என்ற பெண் வந்தாள். சேலை பார்க்க வந்தவள் என்று நினைத்துப் பாயை விரித்தார் செல்வராணி.

"சேலைக்கு வரலங்க. எம்மக சரண்யா ஏழாவது படிக்கிறா. நீங்க வந்து பேசிட்டுப் போனதுலேர்ந்து ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு அழுவுறா."

"ஏம்மா, நான் என்ன சொன்னேன்?"

"நீங்க ஒண்ணும் சொல்லலைங்க. அவ கொஞ்சம் பூசுனாப்புல இருப்பா. புள்ளைங்கள்லாம் அவள 'செல்வராணி, செல்வராணி'ன்னு கூப்புடுதுக."

படிக்கிற காலத்தில் செல்வராணிக்கும் பட்டப்பெயர்கள் இருந்தன. பிறர் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிச் சிரிக்கப் பழகித்தான் அவர் பேச்சாளரானார். இப்போது அவர் பெயரே பட்டப்பெயராகிவிட்டது.

மறுவாரம் அந்தப் பள்ளியின் காலைக் கூட்டத்தில் மைக்கைக் கேட்டு வாங்கினார். சிரிக்கத் தயாராக நின்ற பிள்ளைகளுக்கு ஏமாற்றம்.

"எனக்கு இருக்குறது ஒரே பேரு. அத எடுத்து வேற யாருக்கும் வைக்காதீங்க. சரி, ஒங்களுக்கு பி.டி. பீரியட் என்னைக்கு?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அத மேத்ஸ் சார் எடுத்துக்குவாருங்க."

தலைமையாசிரியர் ஆனந்தராஜ் தொண்டையைச் செருமினார். செல்வராணி பட்டிமன்றத் தோரணையில் அவர் பக்கம் திரும்பினார்.

"புள்ளைங்கள நாள் பூரா ஒக்கார வச்சுட்டு, குண்டாயிட்டாங்கன்னு என்னையக் கூட்டியாந்து பேசச் சொல்றீங்க. நடுவர் நீங்கதான் சார். தீர்ப்பச் சொல்லுங்க."

அத்தனை பேர் முன்னால் அவர் வேறென்ன சொல்வார்? விளையாட்டு வகுப்பு அன்றைக்கே திரும்பக் கிடைத்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

அடுத்த மாதம் செல்வராணிக்கு அழைப்பு வரவில்லை. கேட்டதற்கு, "நல்லாத்தான் பேசுறீங்கம்மா. தலைப்ப விட்டு வெளிய போயிடுறீங்கன்னு சொல்றாங்க" என்றார் டாக்டர். கலோரிக் கணக்கு மறுபடியும் திரைக்கு வந்தது. பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

வனிதா மட்டும் போன் செய்தாள். சரண்யா பள்ளிக்கூடம் போகிறாளாம், கோ-கோ அணியில் சேர்ந்திருக்கிறாளாம்.

"எளைச்சிருக்காளா?" என்று ஆவலாகக் கேட்டார் செல்வராணி.

"எங்கிட்டுங்க எளைக்கிறது! ஓடிட்டு வந்து முன்னைக்கு ரெண்டு பங்கு திங்கிறா. பொழுது சாஞ்சாலும் கிரவுண்ட விட்டு வரமாட்டேங்கிறா. நாந்தான் போயி இழுத்துட்டு வாரேன்."