மற்றும் சகோதரர்

வீட்டில் கதவுக்கு வார்னிஷ் அடிக்கிறார்கள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு அலைய, எனக்கு மட்டும் வேதக்கோயில் ஞாபகம் வருகிறது. சிரிக்காதீர்கள். சங்கரன்கோவிலில் நூல் கடையில் வேலை பார்த்த நாட்களில் நான் போன சின்ன சர்ச்சில் ஒரு புது பெஞ்சு இருந்தது. சித்திரை வெயிலுக்கு வார்னிஷ் இளகிவிடும். பாட்டுக்கு எழுந்தால், துணி பிய்ந்து வருகிற சத்தம் ஆர்மோனியத்துக்கு முன்னால் கேட்கும்.

அது தகப்பனார் நினைவாக ஓர் அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்துகொடுத்த பெஞ்சு. மூத்தவர் ஞானமுத்து அண்ணாச்சி, சைக்கிள் கடைக்காரர். இளையவர் செல்லத்துரை, தறி ஓட்டினார். பெயின்டரிடம் போய் எழுதச் சொன்னவர் மூத்தவர். முதுகுப் பலகையில் 'அன்பளிப்பு: ஞானமுத்து மற்றும் சகோதரர்' என்று வந்துவிட்டது.

"எனக்குப் பேரு இல்லையா வே? நான் வெறும் மற்றுமா?" என்று இளையவர் ஊரெல்லாம் கேட்டார், அண்ணனைத் தவிர. அன்றோடு பேச்சு நின்றது.

ஆனால் அப்பா பெஞ்சை விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனசில்லை. ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்தார்கள். நடுவில் யார்? ஊருக்குப் புதிதாக வந்த இளிச்சவாயன் நான்தான்.

எங்கள் ஆராதனையில் நற்கருணைக்கு முன்னால் சமாதானம் கொடுக்கும் வழக்கம் உண்டு. பக்கத்திலிருப்பவர் கைகளைப் பற்றிச் சமாதானம் சொல்ல, அவர் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். அண்ணாச்சி எனக்குக் கொடுப்பார். நான் அதை அலுங்காமல் தம்பியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். இருவரும் திருப்தியாக எழுந்துபோய் அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொள்வார்கள். ஆண்டவரும் என்னை நம்பித்தான் இருந்தார் போல.

அண்ணாச்சியின் பக்தியைக் குறை சொல்ல முடியாது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் காப்பியைக்கூடத் தொடமாட்டார். மனந்திரும்புதலைப் பற்றி ஜெபிக்க ஆரம்பித்தால் பெண்கள் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கும். "நான் மகா பாவி ஆண்டவரே" என்று அவர் குரல் உடையும்போது இளையவர் என் காதருகே சாய்வார்: "எந்தப் பாவம்னு மட்டும் சொல்ல மாட்டாரு பாரும்." அந்த நேரத்தில் சிரிப்பை அடக்கியதுதான் நான் செய்த ஒரே தவம்.

அப்படியொரு லெந்து ஞாயிறு. மறுநாள் பாளையங்கோட்டையில் இளையவருக்கு நெஞ்சில் ஆபரேஷன். ஐயர் (எங்கள் பக்கம் போதகரை அப்படித்தான் சொல்வோம்) பேர் சொல்லி ஜெபித்தார். சமாதானம் வந்தது. அண்ணாச்சி என் கையைப் பிடித்தார். வழக்கம்போல் இந்தப் பக்கம் திரும்பினேன். இளையவர் கையை நீட்டவில்லை.

"ஒம்ம கை வேண்டாம் வே. நாளைக்கு நெஞ்சக் கீறப் போறாவ. திரும்பி வாரேனோ என்னமோ. எங்கண்ணன் கையத்தான் கேக்கேன்."

முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டுப் புத்தகத்தை நழுவவிட்டு, அதைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"ஏலே துரை..." மேலே அண்ணாச்சியின் குரல். ஜெபத்தில் உடைவது போல அழகாக இல்லை, கரகரத்தது. "தப்பு எம்மேலதாம்ல. அந்த எழுத்த அழிச்சிருதேன்."

"அழிக்க வேண்டாம்ணே. எம்பேரையும் எழுதச் சொல்லு."

என் முதுகுக்கு மேல் நாலு கைகள் கோத்துக்கொண்டன. யாருடைய கண்ணீரோ என் பிடரியில் விழுந்தது. குனிந்தபடியே நானும் அழுதேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெயரும் எழுதப்பட்டது. இடம் பற்றாததால் எழுத்து கொஞ்சம் சின்னது. சாகும்வரை அதைச் சொல்லிக் குறைப்பட்டார் இளையவர். ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்தே குறைப்பட்டார். ஆவிக்குரிய வளர்ச்சி என்று பிரசங்கங்களில் கேட்டதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

இருவரும் இப்போது இல்லை. போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். அவர்களுடைய மகன்களுக்குள் ஏதோ தகராறாம். ஆனால் அந்தக் காலத்துச் சங்கடமெல்லாம் இல்லை. தெருவுக்கொரு சபை வந்துவிட்டது. கோபித்துக்கொண்டவன் அடுத்த தெருச் சபைக்குப் போய்விட்டான். இரண்டு பேரும் நல்ல பக்திமான்கள் என்றார்கள். ஞாயிறுதோறும் ஆளுக்கொரு சபையில் முன்பின் தெரியாதவர்களுக்குச் சமாதானம் கொடுத்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள்.