வீங்கிய காலும் இறுதியாட்டமும்

என் மகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கிய ஆங்கிலேயரை எங்கள் கழகம் விலக்கிய விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அவர் இங்கிலாந்தில் முன்வரிசை ஆட்டக்காரராக இருந்தவர். கோல் அடிப்பதுதான் அவருடைய தொழில். பெரிய கழகங்களில் இல்லை. மழையும் சேறுமான சின்ன நகரங்களில். ஆட்டத்தை விட்டபின் கனடா வந்து, டோர்செட் பார்க்கில் எங்கள் பெண்பிள்ளைகளைப் பழக்கினார். வலது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். வந்த புதிதில், "எங்கட பிள்ளையளுக்கு இங்கிலாந்துக் கோச்" என்று கழகத் தலைவர் போகிற இடமெல்லாம் பெருமையடித்தார்.

மிசிசாகாவில் இறுதியாட்டம். அதற்கு முதல் நாள் விளையாட்டில் மகளின் கணுக்கால் பிரண்டு, சப்பாத்துக்குள் நுழையாத அளவுக்கு வீங்கிவிட்டது. எங்கள் அணிக்குக் கோல் அடிப்பவள் அவள்தான். பயிற்றுநர் குனிந்து காலைத் தொட்டுப் பார்த்தார். விளையாட விட முடியாது என்று சொல்லிவிட்டார்.

தலைவர் என்னிடம் ஓடி வந்தார். "தங்கச்சி, நோ தெரியாமலிருக்க ஒரு குளிசையைக் குடுத்து இறுக்கிக் கட்டிவிட்டால் ஓடுவாள். பைனல் எல்லே?"

"வீங்கியிருக்கிறது உங்கட காலோ, அண்ணை?" என்றேன்.

மகள் அழுதாள். "கோச், ஐ கேன் பிளே."

அவர் புல்லில் அவளருகே அமர்ந்து, கால்சட்டையைச் சுருட்டி முழங்காலைக் காட்டினார். எல்லாம் வெட்டுத் தழும்பு. "எனக்கும் வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுத்தான் ஆட்டத்தில் இறக்கினார்கள்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "அன்று கோல் அடித்தேன். சனம் என் பெயரைச் சொல்லிப் பாடியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஊசி. முப்பது வயதாகுமுன் கால் போனது. கழகம் வேறு ஆளை எடுத்தது. என்னோடு கோபித்துக்கொள், பரவாயில்லை. உன்னை இறக்க மாட்டேன்."

"உவர் தன்ர பழங்கதையைச் சொல்லிப் பிள்ளையைப் பயப்படுத்துறார்," என்று தலைவர் பக்கத்தில் நின்றவர்களிடம் சிரித்தார். பயிற்றுநருக்குத் தமிழ் விளங்காது என்ற துணிவு.

ஒரு கோலால் தோற்றோம். வாகனத் தரிப்பிடத்தில் பெற்றோர் சுற்றி நின்று ரோல்ஸ் சாப்பிட்டார்கள். பயிற்றுநருக்கு ஒன்று நீட்ட ஒருவருக்கும் கை வரவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது, நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு மகளின் காலைப் பற்றித்தான் கேட்டார்.

எக்ஸ்ரேயில் எலும்பு வெடித்திருந்தது. ஓடியிருந்தால் சத்திரசிகிச்சைதான் என்றார் மருத்துவர். அந்தக் கிழமை முடியுமுன், நேரில் ஒரு வார்த்தை பேசாமல், வாட்ஸ்அப்பில் பயிற்றுநரை விலக்கினார்கள். புதுப் பயிற்றுநர் தலைவரின் மச்சான்.

தலைவரின் வீட்டுக்கே போனேன். "என்ர பிள்ளையின்ர காலைக் காப்பாற்றின மனுசனையோ கலைச்சனியள்?"

"அது கழகச் சபை எடுத்த முடிவு, தங்கச்சி," என்று கதவைப் பிடித்தபடியே சொன்னார்.

மகளைக் கழகத்திலிருந்து எடுத்தேன். அந்த ஆங்கிலேயர் ஒஷாவாவில் ஓர் அணியைப் பழக்குகிறார் என்று அறிந்து, கால் ஆறியபின் அங்கே சேர்த்தேன். வேலை முடிந்து நெரிசலில் அவ்வளவு தூரம் கார் ஓடுவது லேசில்லை. ஆனாலும் ஓடுகிறேன். இந்த வருடம் அவள் மாகாண அணிக்குத் தெரிவானாள்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் தலைவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார். "எங்கட கிளப்பில பழகின பிள்ளை எல்லே!"

"இல்லை, அண்ணை," என்றேன், மேசையில் இருந்த எல்லோருக்கும் கேட்க. "நீங்கள் கலைச்ச மனுசன் பழக்கின பிள்ளை."