துப்பாக்கி சைட்டுக்கு எந்தப் பசை

செங்கல்பட்டு பஜாரில் எங்களுடையது நட்டு போல்ட்டுக் கடை. அத்தா இறந்த பிறகு கல்லாவில் நான்தான் உட்காருகிறேன். பொம்பளை போல்ட் அளவு சொல்கிறாளே என்று முதலில் வாயைப் பிளந்தவர்கள், பிறகு என் வாய்க்குப் பயந்து சாம்பிளைக் கையோடு கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

கடையில் திரெட்லாக்கர் என்கிற பசை மூன்று நிறத்தில் இருக்கும். ஸ்க்ரூவின் மறையில் ஒரு சொட்டு விட்டு முறுக்கினால், எவ்வளவு குலுங்கினாலும் ஸ்க்ரூ தானாகக் கழலாது. ஊதா, பொடி ஸ்க்ரூவுக்கு. நீலம் அதைவிட நன்றாகப் பிடிக்கும், ஆனாலும் ஸ்க்ரூ திருப்புகிற சாவி போட்டு அழுத்தித் திருப்பினால் விட்டுக்கொடுத்துவிடும். சிவப்பு ஊற்றினால் ஊற்றியதுதான். நன்றாகச் சூடு காட்டாமல் பிரிக்க முடியாது; பொடி ஸ்க்ரூவாக இருந்தால் அதற்குள் தலை வழுக்கிப்போய்விடும். அதனால் சிவப்பு கேட்டு வருகிறவனை நான் சும்மா விடுவதில்லை. "இத இனிமே கழட்டவே மாட்டியா? நல்லா யோசிச்சியா?" என்று கேட்டுவிட்டுத்தான் பாட்டிலை எடுப்பேன். யாராக இருந்தாலும் கேட்பேன். பாதிப் பேர் தலையைச் சொறிந்துகொண்டு நீலத்தை வாங்கிப் போவார்கள்.

என் தம்பிக்கு நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வேலை சோற்றுக்கு, உயிர் ஏர் ரைஃபிளில். ஆபீசுக்குப் பக்கத்தில் இருந்த ரேஞ்சில் போட்டிக்காகச் சுடப் பழகினான். மாவட்ட அளவில் ஜெயித்து, மாநிலப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். கல்யாணப் பேச்சு எடுத்தால்கூட, "போட்டி முடியட்டும்மா" என்பான். அம்மா என்னைப் பார்ப்பார், ஏதோ நான்தான் துப்பாக்கி வாங்கிக் கொடுத்ததுபோல. அதுவும் உண்மைதான், பாதி விலை நான் போட்டது.

அந்தத் துப்பாக்கியில் குறிபார்க்கிற பின் சைட் ஒரு சின்ன வட்டம், நடுவில் ஊசிக்காது போல ஓட்டை. அதன் வழியாகப் பார்த்து, துப்பாக்கி முனையில் இருக்கும் வளையத்துக்குள் எதிரே இருக்கும் குறி அட்டையின் கறுப்பு வட்டத்தை நிறுத்த வேண்டும். சைட்டைப் பிடித்திருப்பவை இரண்டு பொடி ஸ்க்ரூ. சைட் மயிரிழை நகர்ந்தாலும் குண்டு வேறு இடத்தில் போய் விழும். திருப்போரூர் ரோட்டில் பைக்கில் பெட்டி குலுங்கிக் குலுங்கி அந்த ஸ்க்ரூ ஒருமுறை தளர்ந்துவிட்டது. அதிலிருந்து சைட்டைப் பூட்டுவது என் வேலையாயிற்று. மறையில் இருக்கும் எண்ணெயைத் துடைத்து, ஊதா ஒரு சொட்டு விட்டு, அளவாக முறுக்குவேன்.

முறுக்கிய பிறகு ஸ்க்ரூ தலையிலிருந்து அடிப்பகுதி வரை ஒரே கோடாக நெயில் பாலிஷ் இழுத்துவிடுவேன். ஸ்க்ரூ துளி திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பாலிஷ் என்னுடையதுதான், நல்ல ரத்தச் சிவப்பு. விரலுக்குப் போட்டால் தொழுகைக்குக் கைகால் கழுவுகிற ஒளு சேராது என்று அம்மா கத்துவார். சரி என்று போல்ட்டுக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து, "சைட்டு லூசா கீதுக்கா, குறி ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது" என்றான். கோடு உடையவில்லை. ஆனால் சைட்டுக்குள்ளே ஏதாவது ஆடலாம் இல்லையா? ஊதாவைப் பிரித்து நீலம் ஊற்றினேன். அடுத்த ஞாயிறு மறுபடியும் வந்தான். மறையில் எண்ணெய் மிச்சமிருந்தால் பசை பிடிக்காது என்று பெட்ரோலில் கழுவி மறுபடி ஊற்றினேன். அதற்கடுத்த வாரம் ஸ்க்ரூவையே மாற்றினேன். முன் வளையம் மங்கலாகத் தெரிகிறது என்றான், அதையும் கழற்றித் துடைத்தோம். "துப்பாக்கிக்கு மறை கழண்டுச்சா, உனக்கு கழண்டுச்சான்னு தெரியலயே" என்று கிண்டல் செய்தேன். அவனும் சிரித்தான். இரண்டு மாதம் இப்படியே போனது. எங்கள் வீட்டில் எது கோணினாலும் ஸ்க்ரூவைத்தான் முதலில் பார்ப்போம், அப்படியே வளர்ந்துவிட்டோம்.

பெருநாளுக்கு மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் மாமல்லபுரம் போனோம். கடற்கரையில் பலூன் சுடும் கடை. போட்டிக்கெல்லாம் போகிற தம்பி சுடுவதை அம்மா பார்த்ததே இல்லை, ஒரு தடவை சுட்டுக் காட்டு என்று நான்தான் அவனைத் தள்ளிவிட்டேன். அவன் அந்த ஓட்டைத் துப்பாக்கியை வாங்கி, இடது கண்ணை மூடிக்கொண்டு குறிபார்த்தான். பிறகு தலையைத் தூக்கினான்.

"இன்னா அண்ணாத்த, மேல் வரிச பூரா வெள்ள பலூனா கட்டி வெச்சிகிற?"

கடைக்காரர் பலூன் தட்டியைத் திரும்பிப் பார்த்தார். "வெள்ளயா? மேல் வரிச அத்தினியும் செவப்பு அண்ணாத்த. வெள்ள ஒண்ணு கூட கெடையாது."

நான் சத்தமாகச் சிரித்தேன். தம்பி சிரிக்கவில்லை. துப்பாக்கியை இறக்கிவிட்டு இடது கண்ணைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். பிறகு வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, அம்மாவின் முந்தானையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கடலைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் துப்பாக்கியைப் பலகைமேல் மெதுவாக வைத்தான். ஒரு குண்டும் சுடவில்லை.

இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிட்டிருக்கிறது. சுடும்போது மட்டும்தான் அந்த வலது கண் தனியாக இருந்தது. அப்போது தெரிந்த மங்கலுக்குத்தான் நாங்கள் ஸ்க்ரூவைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

சென்னையில் கண் ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர் உட்காரச் சொன்னார். கண்ணில் கோளாறு இல்லை, கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு வாடிக்கொண்டு வருகிறது, போன பார்வை திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றார். இடது கண்ணுக்கும் வரலாம், வராமலும் இருக்கலாம். இரண்டு மாதமாக சைட்டை மாற்றிக்கொண்டிருந்த கதையைச் சொன்னேன். முன்னாடியே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல ஆத்திரமாக வந்தது.

தம்பி அழவில்லை. கோச்சிடம் பேசி எங்கிருந்தோ ஒரு பிராக்கெட் வரவழைத்தான். அதை வைத்தால் சைட் இடப்பக்கம் தள்ளி நிற்கும். துப்பாக்கியை எப்போதும்போல வலது தோளில் வைத்துக்கொண்டு இடது கண்ணால் பார்க்கலாம். பெட்டியோடு கடைக்கு வந்து, கல்லாமேல் வைத்து, "செவப்பு ஊத்துக்கா" என்றான்.

"செவப்பா? கண்ணு தெரிஞ்சதுன்னா திரும்ப எப்படிடா மாத்துவ? சுத்தியால ஒடப்பியா?"

"டாக்டர் சொன்னது உன் காதுல வுழலயா?"

"அவரு சொன்னது அவரோட. என் கடையில எந்தப் பச ஊத்தணும்னு எனக்குத் தெரியும்."

"ரைட்டு கண்ணு அவ்ளோதான்க்கா. நீயும் அம்மாவும் இதயே சொல்லிகினு இருந்தா நான் எப்பதான் இந்தக் கண்ணுல பழகறது? பேஜாரு பண்ணாத."

பஜாரே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சண்டை போட்டோம். கடைசியில் நீலம்தான் ஊற்றினேன். பாட்டில் என் கையில் இருந்தது, அவனால் என்ன செய்ய முடியும்? அம்மா வியாழக்கிழமை தவறாமல் கோவளம் தர்காவுக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தார். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. நான் நீலம் ஊற்றினேன். என்றைக்காவது அவன் வந்து, "அக்கா, பழையபடி மாத்திடு" என்று சொல்வான், நான் சாவி போட்டு ஒரே திருப்பில் கழற்றிக் கொடுப்பேன் என்று நிஜமாகவே நம்பினேன்.

இடது கண் நன்றாகப் பழகியது. பழைய ஸ்கோருக்குப் பக்கத்தில் வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டியைத் திறந்து, "பாரு, உன் கோடு ஒடையவே இல்ல" என்று அவனே காட்டுவான். நாஸ்தா சாப்பிடும்போது ஸ்கோர் கதை சொல்லி எங்கள் உயிரை வாங்குவான். அம்மா மறுபடியும் பெண் பார்க்க ஆரம்பித்தார்.

போன சித்திரையில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மதியம் கடைக்கு வந்தான். வார நாள். தோளில் பெட்டி.

"வண்டி சத்தமே கேக்கல. பைக் எங்கடா?"

"பஸ்ல வந்தேன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவன் பெட்டியைக் கல்லாமேல் வைத்துத் திறந்தான். "சைட்டு லூசாயிடுச்சு போல கீதுக்கா. கொஞ்ச நாளா குறி தள்ளித் தள்ளிப் போவுது."

"கோட்ட பாத்தியா?"

"நீ பாரேன்."

கோட்டைப் பார்ப்பது அவன் வேலை. எத்தனையோ வாரம் என் மூக்குக்கு முன்னால் நீட்டிக் காட்டியவன், அன்று துப்பாக்கியை என் பக்கம் தள்ளிவிட்டு ஷட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனேன். கறுப்பு இரும்பின்மேல் இரண்டு சிவப்புக் கோடு. ஸ்க்ரூ தலையிலிருந்து அடிப்பகுதி வரை, நான் இழுத்தபடியே இருந்தது. சாவியை வைத்து லேசாகத் திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை.

"ஒடஞ்சிகீதா?" என்றான்.

உடைந்திருக்கிறது என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. வியாபாரத்தில் சொல்லாத பொய்யா? ஆனால் அவன் நின்ற விதத்தைப் பார்த்ததும் முடியவில்லை. 

"ஒடையலடா."

"இன்னொரு தபா பாரு."

இன்னொரு தடவை பார்த்தேன். "ஒடையல."

அவன் ஸ்டூலைக் கையால் தடவி இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். எதிர்க் கடையில் லாரியிலிருந்து கம்பி இறக்கிக்கொண்டிருந்தார்கள், காது கிழிகிற சத்தம். அது ஓய்ந்ததும் ஆஸ்பத்திரிக்கு இப்பவே போகலாம் என்று செருப்பைத் தேடினேன்.

"போலாம். காலையில போலாம்" என்றான். "இப்போ இத முடிச்சிடு."

"இன்னாத்தடா முடிக்கச் சொல்ற? அதான் கெட்டியா கீதே."

"செவப்பு ஊத்துக்கா. இனிமே மாத்த வேணாம்."

சாவியை அழுத்தித் திருப்பினேன். என் கோடு இரண்டாக உடைந்தது. ஸ்க்ரூவைக் கழற்றி, மறையில் ஒட்டியிருந்த நீலத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, பெட்ரோலில் கழுவித் துடைத்தேன். அலமாரியின் மேல்தட்டிலிருந்து சிவப்பு பாட்டிலை எடுத்தேன். யாராக இருந்தாலும் கேட்கிற அந்தக் கேள்வியை அவனிடம் மட்டும் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரு சொட்டு விட்டு, முறுக்கி, இறுகட்டும் என்று கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.