கூரைமேல் ஒரு சாக்பீஸ் கோடு

மொட்டைமாடியில் குந்தி உட்கார்ந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, தரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார் ராஜரத்தினம். தண்ணீர்த் தொட்டியின் நிழல் நகர்ந்து வரவேண்டும். அது வரும்வரை எழுந்திருக்க மாட்டார். டீயைக் கொண்டுபோய் நீட்டினாலும் திரும்ப மாட்டார். நிழல் வந்து நின்றதும் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, அதன் ஓரத்திலேயே ஒரு கோடு இழுக்கிறார். பக்கத்தில் மணியை எழுதுகிறார்: 11.40. எண்கள் கோணல்மாணலாக இருக்கின்றன. கோடு மட்டும் கோணுவதே இல்லை.

ஊட்டியில் இப்போது எந்தக் கூரையை அண்ணாந்து பார்த்தாலும் சோலார் பலகைதான். ஓட்டல், பள்ளிக்கூட விடுதி, காய்கறிக் கிடங்கு என்று ஒன்றும் பாக்கியில்லை. நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கி மட்டும் சும்மா இருக்குமா? பலகை மாட்டுகிற கோயம்புத்தூர்க் கம்பெனி, எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம் நிழல் விழும் என்று பார்த்துச் சொல்வதற்கென்றே இவரை வைத்திருக்கிறது. கம்ப்யூட்டரும் இதையெல்லாம் சொல்லுமாம். ஆனால் பக்கத்துக் கட்டடத்துக்காரர் நேற்று நட்ட டிவி கம்பம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது, இவருக்குத் தெரியும்.

"கொடிக்கம்பத்து நெழலு குச்சி கணக்காத்தான் இருக்கும். ஆனா ஒரு பலகையில விழுந்தாப் போதும், மொத்த வரிசையும் படுத்துரும்" என்பார். பலகைகளை ஒன்றோடொன்று கோத்திருப்பதால் அப்படியாம்.

எங்கள் மாடியில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. பதினோரு வருடங்களாக அதன் கீழே உட்கார்ந்துதான் மதியச் சாப்பாடு. ராஜரத்தினம் இரண்டு நாள் கோடு போட்டார், மூன்றாம் நாள் கொட்டகை போய்விட்டது. நான் சண்டைக்கே போனேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க சாப்புட நெழல் வேணும், அது சாப்புட வெயில் வேணும். ஒரு கூரைதானே இருக்கு தொரை, நான் என்னா செய்ய?" என்றார். குமாஸ்தாவைத் துரை என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் மேற்கொண்டு சண்டை போட மனம் வரும்? இப்போது நாங்கள் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

கண்டிப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் பெற்றோருடன் கப்பலேறி வந்து சேரம்பாடி எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் குடியேறினார். தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் ஏறி, மழைக்கு முன்னால் கிளை கழிப்பதுதான் முப்பது வருட வேலை. நிழல் கூடினால் கொழுந்து குறையும், குறைந்தால் இலை கருகும். அந்த அளவு அவர் கண்ணிலேயே இருந்தது. தேயிலை விலை சரிந்தது, எஸ்டேட்டில் வேலை வாரத்துக்கு மூன்று நாளாகச் சுருங்கியது. அந்தச் சமயத்தில் பலகை மாட்ட வந்தவர்களுக்கு இவர் கண் அகப்பட்டது. "முப்பது வருசம் நெழல வளத்தேன். இப்ப வெரட்டிக்கிட்டுத் திரியிறேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பஸ்ஸில் இவரோடு போவது ஒரு சுகம். கூடலூர் வண்டியில் ஏறுமுன் வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நடுவட்டம் வரைக்கும் எடது பக்கம் குந்துங்க, அங்குட்டு மாறிக்கிடலாம்" என்பார். வெயில் நம் மேல் படாது. கொண்டை ஊசி வளைவுகளுக்கு மட்டும் அவர் பொறுப்பில்லை.

இவ்வளவு கெட்டிக்காரர் ஒருமுறை சறுக்கியிருக்கிறார். சேர்ந்த முதல் மார்கழியில், ஓர் அலுவலகக் கூரைப் பலகைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஊட்டியில் விட்டிருந்தார்கள். அன்று மாலையே உறைபனிக்கான குளிர் தெரிந்தது. இளம் தேயிலையைப் பனியிலிருந்து காப்பாற்றப் பெரணித் தழையால் மூடுவது இங்கே வழக்கம். இவர் சரிவில் இறங்கி கட்டுக் கட்டாகப் பெரணி அறுத்து வந்து, இருபது பலகைகளையும் தாயைப்போலப் போர்த்திவிட்டுத் தூங்கப் போய்விட்டார். காலை பத்து மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து என்ஜினீயர் பிரீத்தியின் போன் வந்தது. பிரீத்தியின் செல்போனில் மின் உற்பத்தி சைபர் காட்டிக்கொண்டிருந்தது.

"ஏனுங்ணா, தழையப் போட்டு மூடுனீங்களா? அதுக்கென்னங்ணா, குளுருமா?"

"பச்சப்புள்ள மாதிரி புதுசா நிக்குதே மேடம். கருகிப் போச்சுன்னா என்னையத்தானே கேப்பீங்க?"

முதலில் தழையை எடுக்கச் சொன்னாராம் பிரீத்தி. பிறகு, இனிமேல் இவர் கோடு போட்டு அனுப்பும் போட்டோவே போதும், தனியாக ரிப்போர்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பலகையைப் பிள்ளையாக நினைக்கிற மனிதர் பொய்க்கோடு போடமாட்டார் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

போன தை மாதம் விடுமுறைக்கு என்னைத் தன் ஊருக்கு அழைத்தார். சேரம்பாடி லயத்தை ஒட்டி ஒரு துணைச் சுகாதார நிலையம் இருக்கிறது. அதன் கூரைக்கும் பலகை வரப்போகிறது. யானை மின்கம்பத்தைத் தள்ளினாலும் மரம் கம்பியில் சாய்ந்தாலும் அங்கே மின்சாரம் போய்விடும். உடனே நர்ஸ் பிலோமி, ஃப்ரிட்ஜிலிருக்கும் குழந்தைத் தடுப்பூசி மருந்துகளை ஐஸ் பெட்டியில் அள்ளிக்கொண்டு ஜீப் பிடித்துக் கூடலூருக்கு ஓடவேண்டும். கட்டடத்தின் பாதி பழைய ஆஸ்பெஸ்டாஸ். பலகையைத் தாங்கக்கூடியது முன்பக்கத்துக் காங்கிரீட் தளம் மட்டும்தான். பிரீத்தி ஆடி மாத மூட்டத்தில் வந்து அளந்து போயிருந்தார். "நெழல் மட்டும் தையில நீங்க பாத்துச் சொல்லிப்போடுங்ணா" என்று அதை இவரிடமே விட்டுவிட்டார்.

அந்தத் தளத்துக்குத் தென்மேற்கே நிற்பது ராஜரத்தினம் வீட்டுக் கொல்லையின் பட்டர் ஃப்ரூட் மரம்.

வேலை மூன்று நாளாகக் குறைந்ததிலிருந்து அந்த மரம்தான் மிச்ச நான்கு நாளைக்கு அடுப்பெரித்தது. மனைவி சின்னம்மை காய்களைக் கூடையில் சுமந்துபோய் ஜூஸ் கடைகளில் போடுவார். நான் போனபோது மரம் முழுக்கப் பூ. நிழல் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நின்றுவிட்டால் மரத்துக்கு ஒன்றுமில்லை. உள்ளே வந்தால் உச்சியை இறக்கியாகவேண்டும்.

"கொஞ்சமாக் கழிச்சா ஆகாதா?" என்று கேட்டேன்.

"காய்க்கிறதே அந்த உச்சிக் கொம்புலதான். எறக்குனா மூணு வருசத்துக்குப் பூக்காது" என்றார் ராஜரத்தினம்.

மரத்தடியில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சின்னம்மை நிமிர்ந்தார். "தம்பி, நீங்களாச்சும் சொல்லுங்க. இவரு ஊருக்கெல்லாம் நெழல் பாத்தது போதும். அந்த மேடம் கோயமுத்தூருல இருக்கு. ஒரு சாணு தள்ளிக் கோடு போட்டா அதுக்கு என்னா தெரியப் போகுது?"

உண்மையைச் சொல்கிறேன், நானும் அதையேதான் நினைத்தேன். என் தகரக் கொட்டகைக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லைதான். ஆனாலும் அந்தப் பூவைப் பார்த்த பிறகு, இவர் ஒரே ஒருமுறை கண்ணை மூடிக்கொள்ளட்டும் என்றிருந்தது.

மதியம் இருவரும் தளத்தில் ஏறினோம். அவர் வழக்கம்போலக் குந்தினார். வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட உதவிக்கு வரவில்லை. மரத்தின் நிழல் மண்ணில் ஊர்ந்து, சுவரில் ஏறி, கைப்பிடியைத் தாண்டி, தளத்துக்குள் இரண்டு சாண் வந்து நின்றது. ராஜரத்தினம் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாக்பீஸை எடுத்து, நிழலை விட்டுவிட்டு, கைப்பிடிச் சுவரின் அடியை ஒட்டினாற்போல ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடு நடுவில் லேசாக வளைந்திருந்தது. பக்கத்தில் மணி எழுதவில்லை.

"போட்டாச்சா?" என்று கீழேயிருந்து சின்னம்மை கேட்டார்.

"ம்" என்றார்.

போட்டோ எடுக்கச் சொல்லித் தன் போனை என்னிடம் நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் போனைத் தூக்கிப் பிடித்தபோது கீழே கதவு திறந்தது. பிலோமி ஐஸ் பெட்டியை இடுப்பில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார்.

"கரண்ட் போயி மூணு மணிக்கூர் ஆச்சு. ஜீப்பு ஏதாச்சும் வருதான்னு மேலேருந்து பாருங்களேன் அண்ணே" என்று கூப்பிட்டார்.

ராஜரத்தினம் ரோட்டைப் பார்த்தார். "ஒண்ணும் காணல தாயி" என்றார். பிலோமி பெட்டியை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மேட்டில் நடக்கத் தொடங்கினார். அவர் வளைவில் திரும்பும்வரை இவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு, "இருங்க தொரை, எடுத்துராதீங்க" என்றார். தோளில் கிடந்த துண்டை உருவி, மண்டி போட்டு, சுவரோரக் கோட்டை அழுத்தித் துடைத்தார். இரண்டு சாண் உள்ளே நகர்ந்து உட்கார்ந்து, நிழலின் ஓரத்திலேயே புதிதாக இழுத்தார். அது கோணவில்லை. பக்கத்தில், தன் கோணல் எண்களில், 2.10 என்று எழுதினார்.